பாடு

கணவாய்க்கு முப்பத்தைந்து கிலோ.
வள்ளம் ஒன்றுக்கு, ராத்திரி ஒன்றுக்கு,
மாசி பிறந்து சித்திரை முடிய.
கூத்தங்குழியில் மணியடித்துக் கூட்டம் போட்டு
வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கிய கணக்கு.
தராசுக்கு என்னை உட்கார வைத்தார்கள்.
எனக்கு வள்ளம் இல்லை,
வள்ளத்தில் போகிற ஆளும் இல்லை;
அதனால் நான் நியாயக்காரி.

போன வருசம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.
கொழிஞ்சிச் செடியைக் கட்டுக்கட்டாய்ப் பிடுங்கி
மணல்சாக்கோடு சேர்த்துப் பிணைத்து
பார் ஓரத்தில் இறக்கினார்கள்.
முட்டையிட இடம் தேடுகிற கணவாய்
செடியை நம்பி வரும்.
மேலே தூண்டில் காத்திருக்கும்.
பிரசவ ஆஸ்பத்திரி வாசலில்
வலை கட்டின மாதிரி என்றார் ஒருவர்.
அவரும் இருநூறு கட்டு இறக்கியவர்தான்.

‘பனிமய மாதா’ ஐந்தேகாலுக்குக் கரையேறியது.
கஸ்பார் கூடையை வைத்தான்.
நாற்பத்தொன்று புள்ளி ஆறு.

“தண்ணி இருக்குல்லா. வடியட்டும்.”

வடியவிட்டோம்.
கூடைக் கண்களில் மை சொட்டி
மணலில் கறுப்பாய்ச் சின்னச் சின்னக் குழி.
கணவாய் உடம்பில் புள்ளிகள்
விரிந்து சுருங்கிக்கொண்டே இருந்தன,
செத்துப்போனதை யாரும் அதற்குச் சொல்லாத மாதிரி.
நாற்பது புள்ளி ஒன்பது.

“திங்க, செவ்வா, புதன். மூணு ராத்திரி
டீசலை எரிச்சிட்டு வெறுங்கையா வந்தேன்.
அன்னைக்கு நீ என்ன எழுதுன?”
பூஜ்யம்.
“அப்ப நாலையும் கூட்டி வகுத்துப் பாரு டீச்சர்.
கடல் என்ன தினக்கூலியா குடுக்கு?”

நான் டீச்சர் இல்லை.
வகுத்தால் பத்து சொச்சம்.
வகுத்து எழுத நோட்டில் கட்டம் இல்லை.
‘பாடு’ என்று தலைப்பிட்ட கட்டத்தில்
40.9 என்று எழுதினேன்.
மீன் கிடைப்பது பாடு,
கிடைக்காமல் கிடப்பதும் பாடு,
தவசு காலத்து வெள்ளிக்கிழமை
கோயிலில் முழங்காலிட்டுக் கேட்பதும் பாடு.
எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ரெண்டே எழுத்து.

மிச்சம் ஐந்து கிலோ தொள்ளாயிரம்
பொது ஏலத்துக்கு.
வள்ளியூர் ஏஜெண்ட் ரெண்டு விரலால் தூக்கிப் பார்த்து
விலையைக் குறைத்துக் கேட்டார்.
கஸ்பார் என் முகத்தைப் பார்க்கவில்லை.
அவன் பெண்டாட்டி பிரிஸ்கா பார்த்தாள்.

அடுத்த வாரம் முழுக்க
முப்பத்துநாலு புள்ளி ஐந்து.
முப்பத்துநாலு புள்ளி எட்டு.
முப்பத்துநாலு புள்ளி ஏழு.
வாடை அடித்தாலும் நீவாடு மாறினாலும்
எல்லா வள்ளத்துக்கும் ஒரே கைப்பிடி.
கூட்டத்தில் கைதட்டினார்கள்.
தராசுக்காரிக்குச் சால்வை போடணும் என்றார்
இஞ்ஞாசி அண்ணன்.
விலங்கே, இருட்டில்,
வேற்றூர் லாஞ்சு ஒன்று
விளக்கை அணைத்துவிட்டு நிற்பது
கரையிலிருந்து தெரியாது.
சோழகத்தில் டீசல் வாசனை மட்டும் வரும்.
வாசனைக்கும் நோட்டில் கட்டம் இல்லை.

ஞாயிறு, முதல் பூசை முடிந்து
கரையோரமாய் வந்தேன்.
அறுந்த கொழிஞ்சிக் கட்டு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது.
இலையெல்லாம் உதிர்ந்து, குச்சிக்குக் குச்சி,
நுங்குச் சுளையை விரல் விரலாய் உருட்டிவைத்ததுபோல
முட்டைக் கொத்து.
உள்ளே, கடுகைவிடச் சிறியதாய்,
கண்கள்.

தராசுப் பெட்டியைத் திறந்தேன், ஏனென்று தெரியாது.
ஒன்று புள்ளி நான்கு.
ஒன்று புள்ளி மூன்று.
மறுபடி நான்கு.
காற்றாய் இருக்கும்.
எண் நிற்கக் காத்திருந்தால்
வெயில் வந்துவிடும்.

பூசைச் சேலையோடு இடுப்பளவு இறங்கி
விட்டேன்.
அலை திருப்பிக் கொண்டுவந்து
என் வயிற்றில் மோதியது.
இன்னும் நாலடி உள்ளே போனேன்.

எனக்கு நீச்சல் தெரியாது.